மூன்று புள்ளி, மூன்று வரிசை

‘ட’ எழுதுவது எப்படி என்று வாயால் மட்டும் சொல்லிப் பாருங்கள். கையை அசைத்துக் காட்டக் கூடாது. தாளோ பலகையோ கூடாது. கேட்பவரின் முகமும் தெரியக் கூடாது. 2021 மே மாதத்து மாலை ஒன்றில் அரை மணி நேரம் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

“ஒரு குச்சிய நட்டமா நிறுத்துங்க பெரியம்மா. அதோட அடியில இன்னொரு குச்சியப் படுக்கப் போடுங்க.”

“எந்தப் பக்கம்?”

“சோத்தாங்கைப் பக்கம்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மூச்சு வாங்கும் ஓசை. “குச்சி நிக்க மாட்டேங்குது டீச்சரம்மா. தரை காஞ்சு கெடக்கு.”

வாசலுக்குப் போய்க் குச்சி தேடி எடுத்து, நட்டுப் பார்த்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து பேசும்போது உவமை உவமையாகவே இருக்கும். போனில் அது உத்தரவாகிவிடுகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் அவரிடமிருந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டதும், “டீச்சரம்மா, இது கோலந்தானே?” என்றார். “மூணு புள்ளி, மூணு வரிசை. நேர்ப்புள்ளி. மேல பீச்சாங்கைப் பக்கத்துப் புள்ளியப் புடிச்சு நேரா கீழ எறக்கு. அங்கேருந்து சோத்தாங்கைப் பக்கம் கடைசிப் புள்ளிவரைக்கும் இழு. ‘ட’ வந்துருச்சுல்ல? அத அப்படியே மேல தூக்குனா ‘ப’.”

முப்பது வருடமாக எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் புள்ளிகள் ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. பட வேண்டிய தேவை வரவில்லை, ஏனென்றால் அதுவரை கை இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். அந்த இயக்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பேசினால் முதலில் சைக்கிளைத்தான் சொல்வார்கள். லட்சம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகமே படித்துவிட்டது. நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன், முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் எனக்கு அறிவொளி என்றதும் நினைவுக்கு வருவது கைகள்தான்.

ஆதனக்கோட்டைப் பக்கம் சாலையோரத்தில் முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழுவழுவென்று ஆகிவிடும். அந்த விரல்களில் பலப்பம் நிற்காது. அரிவாளைப் பிடிப்பதுபோல உள்ளங்கையால் இறுக்கிப் பிடிப்பார்கள். பலப்பம் ஒடியும். பின்னால் உட்கார்ந்து, அவர் கையின் மேல் நம் கையை வைத்து, சேர்ந்து இழுக்க வேண்டும். முதல் நாள் அந்தக் கை மரக்கட்டை மாதிரி இருக்கும். நான்காம் நாள் கொஞ்சம் இளகும். பதினைந்தாம் நாள் வாக்கில் நம் கைக்கு வேலையே இல்லாமல் போகும், ஆனாலும் எடுக்காமல் வைத்திருப்போம். எடுத்துவிட்டால் பயந்துபோவார்கள்.

‘அ’வில் நாங்கள் தொடங்கவில்லை. சொல்லைக் காட்டி, அதைப் பற்றிப் பேசவிட்டு, பிறகு சொல்லை உடைத்து எழுத்துக்குப் போவதுதான் முறை. பிரேசிலில் 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் முந்நூறு கூலித் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரே நாற்பது மணி நேரத்தில் செய்துகாட்டியதன் தூரத்துச் சொந்தம் இது. பிரேசில் வகுப்புகளில் ‘செங்கல்’ போன்ற சொற்கள். எங்கள் வகுப்பில் ‘பட்டா’. யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று கேட்டால் போதும், அன்றைய வகுப்பு முடிய இரவு பத்தாகிவிடும். எழுத்து மூன்றுதான், பேச்சு முந்நூறு.

அந்தக் கையைப் பிடிப்பதில் இன்னொன்றும் இருந்தது. எந்தத் தெருக் கை என்று பார்க்காமல் பிடிக்க வேண்டும். இரவு வகுப்பு முடிந்து வந்த தொண்டர்களைக் கொல்லைப்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்ன அம்மாக்கள் இருந்தார்கள். என் அம்மா அதில் ஒருத்தி. நான் குளித்ததும் உண்டு, வீம்பாகக் குளிக்காமல் திண்ணையிலேயே படுத்ததும் உண்டு. அதனால்தான் 2020இல் ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப்போனபோது உடம்பு ஒருமாதிரி ஆனது. தொடாதே, தள்ளி நில், உன் பாத்திரத்தை நீயே கொண்டுவா. கிருமிக்காகச் சொன்னதுதான், சரிதான், நானும் தள்ளித்தான் நின்றேன். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொற்களுக்குக் கிருமியைவிட வயது அதிகம். அந்தச் சொல்லாட்சி வேண்டாம், ‘தனிநபர் இடைவெளி’ என்று சொல்லுங்கள் என்று சிலர் எழுதினார்கள். ஆட்டோக்காரரிடம் அது வந்து சேரவில்லை.

2021 தொடக்கத்தில் தொற்று அடங்கியதுபோல ஒரு தோற்றம் இருந்தது நினைவிருக்கும். அரசாங்கம் அப்போது வயதுவந்தோருக்காகக் ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. பழைய அறிவொளி ஆட்கள் நாங்கள் நான்கைந்து பேரும் எங்கள் பங்குக்கு ஊர்க் கலையரங்கத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கினோம். எனக்கும் நேரம் இருந்தது. வேலைபார்த்த பள்ளியில் முதல் ஊரடங்கின்போது சம்பளம் பாதியாகி, அப்புறம் அதுவும் நின்றிருந்தது. பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். கஜா புயலில் முந்திரி மரங்களைப் பறிகொடுத்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பாதிப்பேர். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை நடந்தது. ‘ப’, ‘ட’, ‘ம’ என்று நாலைந்து எழுத்துகள் கைக்கு வரத் தொடங்கிய நேரத்தில் இரண்டாவது அலை வந்துவிட்டது. மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டு வாரத்தில் கை எல்லாவற்றையும் மறந்துபோனது. அந்த வயதில் கற்றது அவ்வளவு மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும்.

பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. குறைகளோடுதான், ஆனாலும் அவர்களைப் பற்றி நாடே கவலைப்பட்டது. எழுபது வயதுக்காரியின் ‘ம’ மறந்துபோனதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? யுனெஸ்கோ கொஞ்சம் பட்டது. 2020 செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாளுக்கு அது எடுத்துக்கொண்ட பொருளே கொரோனாக் கால எழுத்தறிவுப் பணிதான். பல நாடுகள் அவசரமாகத் தீட்டிய கல்வித் திட்டங்களில் வயதுவந்தோர் எழுத்தறிவுக்கு இடமே இல்லை என்று அப்போது சொன்னது. அப்போது உலகம் முழுக்க 77 கோடிக்கு மேல் எழுத்தறியாத பெரியவர்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இந்த எண் நம்மை எதுவும் செய்வதில்லை. நாம் ஒற்றை முகத்தைத்தான் கேட்கிறோம். கேரளத்தில் 2018இல் 98 மதிப்பெண் வாங்கிய 96 வயது கார்த்தியாயினி அம்மாவின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 2020 மார்ச் 8 அன்று குடியரசுத் தலைவர் கையால் அவர் விருது வாங்கினார். பதினாறு நாள் கழித்து ஊரடங்கு அறிவிப்பு. அந்தப் பாட்டியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் படங்களின் மேல் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. எழுத்தறிவை ஒரு பொக்கைவாய்ச் சிரிப்பாக மாற்றிவிடுகின்றன. முதல்முறையே 98 மதிப்பெண் எடுக்காத, பாதியில் நின்றுபோன லட்சம் பாட்டிகளைப் படம்பிடிக்க ஆளில்லை.

போனில் நடத்துவோம் என்று யார் முதலில் சொன்னது என்று மறந்துவிட்டது. பதினெட்டு வீட்டில் ஏழு வீட்டில்தான் டச் போன். பகலில் அது பேரப்பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் இருக்கும், இரவில் மகன் கையில் இருக்கும். மற்ற வீடுகளில் பட்டன் போன். ஒரு தேசியக் கணக்கு உண்டு: 2019–21இல் எடுத்த குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம். அவர்களில் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்தவர்கள் 71 சதவீதம். அப்படியானால் போன் வைத்திருந்தும் அதில் வரும் எழுத்தைப் படிக்க முடியாதவர்கள் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர். இந்த ஆய்வு 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களை மட்டுமே கேட்டது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களைக் கேட்டிருந்தால் அந்த இருபத்தொன்பது எங்கே போய் நின்றிருக்குமோ.

நாலு பேரை ஒரே அழைப்பில் இணைத்து வகுப்பு நடத்தினேன். முதல் வாரம் பெரும் கூத்து. ஒருவர் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள், மருமகள் சிரிப்பது எனக்குக் கேட்கும். இன்னொரு வீட்டில் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பேரன் பதில் சொல்லிவிடுவான். டச் போன் வீட்டுக்காரர்களை எழுதியதைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். ஓர் அப்பத்தாவின் நோட்டு அச்சடித்த மாதிரி வந்தது. “அப்பத்தா, இவ்வளவு அழகா எழுதியிருக்கீங்களே!” என்றேன். “ஆமா, கையெல்லாம் வலிக்குது” என்றார் அவர் கூசாமல். பின்னாலிருந்து ஒரு பொடியன், “எனக்குத்தான் வலிக்குது” என்றான். கலையரங்கத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டோம். தப்பும் தவறுமாக எழுதுவதற்குப் பெரியவர்களுக்கு ஒரு மறைவு வேண்டும். போன் வகுப்பை வீட்டு நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து அந்த மறைவை இல்லாமல் ஆக்கிவிட்டது.

ஆனால் ஒருவருக்கு அது தலைகீழாக இருந்தது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் மகளிருக்கான இடத்தில் நின்று வென்ற ஒரு வார்டு உறுப்பினர். கலையரங்கப் பக்கமே வராதவர். இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்க்கா. மேல என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியாது” என்றார். ஊர் பார்க்கத் திண்ணையில் உட்கார்ந்து ‘ப’ எழுத அவரால் முடியாது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு முடிந்தது. அவர் நான்கு மாதம் படித்தார். என் மாணவர்களிலேயே வேகமானவர். முகம் தெரியாமல் இருப்பதே சிலருக்குப் பள்ளிக்கூடம் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

தூரத்திலிருந்து பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தருவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. கொலம்பியாவின் மலையூர் சுத்தாதென்சாவில் 1947இல் ஹோசே ஹோவாகின் சல்செதோ என்ற இளம் பாதிரியார் ஒரு சின்ன வானொலி நிலையம் வைத்து விவசாயிகளுக்குப் படிப்பு சொல்லத் தொடங்கினார். ஆனால் வானொலியை மட்டும் நம்பவில்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்கெனவே படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். வானொலி சொல்லும், அவர் பலகையில் எழுதிக்காட்டுவார். கியூபாவின் லியோனேலா ரெலிஸ் உருவாக்கிய முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணோடு இணைக்கப்பட்டது. எண் எல்லோருக்கும் தெரியும், காசு புழங்குகிறவர்களாயிற்றே. தெரிந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குப் போவது. 2003இல் வெனிசுவேலா அந்த முறையைத்தான் காணொளிகளோடு நாடு முழுக்கக் கொண்டுபோனது. அங்கேயும் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. உட்காரக் கூடாது என்பதுதானே சட்டம். தெரிந்ததைப் பிடித்துத் தெரியாததுக்குப் போவது மட்டும் மிச்சமிருந்தது. அதைத்தான் பெரியம்மா கண்டுபிடித்திருந்தார்.

புள்ளி வகுப்பு பரவிவிட்டது. நேர்க்கோட்டு எழுத்துகள் மூன்று நாளில் முடிந்தன. ‘ம’வுக்கு வந்தபோது நான் தடுமாறினேன், அவர்கள் தடுமாறவில்லை. “பீச்சாங்கைப் பக்கம் எறங்கி, கீழ்வரிசையில ஓடி, சோத்தாங்கைப் பக்கம் மேல ஏறி, உச்சியில உள்ள வளஞ்சு, நடுப்புள்ளி வழியா எறங்கி வந்து நிக்குது. அம்புட்டுத்தானே?” ‘த’வும் ‘ண’வும் நேர்க்கோட்டில் அடங்கவில்லை. “அப்ப இது சிக்குக் கோலம்” என்றார் ஒருவர். புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகும் கோடு. எழுத்தின் உறுப்புகளுக்குத் தமிழில் இருக்கிற பெயர்களைப் பாருங்கள்: கால், கொம்பு, சுழி. மாடும் மனிதனும் நடமாடும் இடத்தில் யாரோ வைத்த பெயர்கள். இவற்றைச் சொன்னபோது அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஐம்பது வருடம் தினமும் விடியலில் வாசலில் குனிந்து, ஒரு புள்ளிகூடத் தப்பாமல் பதினைந்து வரிசைக் கோலம் போடும் கையை நாங்கள் 1991இலிருந்து ‘எழுதத் தெரியாத கை’ என்று அழைத்துவந்திருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தபோது அந்தக் கையின் நடுக்கம்தான் தெரிந்தது. அதன் கல்வி தெரியவில்லை.

இதைப் பெரிதுபடுத்தவும் விரும்பவில்லை. கோலம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. பதினெட்டில் ஏழு பேர் ஜூன் மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். ரீசார்ஜ் போடக் காசில்லை, கண் தெரியவில்லை, மகனுக்குப் பிடிக்கவில்லை, இழவு. அந்த ஆண்டு செப்டம்பர் 19 ஃப்ரேய்ரேயின் நூற்றாண்டு. அதையொட்டி ஜூமில் நடந்த ஒரு கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நல்ல பேச்சுகள். கட்டங்கட்டமாக முகங்கள். யாரைப் பற்றிப் பேசினோமோ அவர்களில் ஒருவர்கூட உள்ளே வந்திருக்க முடியாது. கூட்டத்துக்கான சுட்டியே ஆங்கிலத்தில்தான் வந்திருந்தது.

எழுத்தறிவு எதற்கு என்று கேட்டால் சொல்வதற்கு அந்த வருடம் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. மே மாதம் 2,000 ரூபாய் நிவாரணத்துக்கு வீடுவீடாக டோக்கன் கொடுத்தார்கள். நாளும் நேரமும் அதில் இருந்தன. அதையே பாடமாக்கினேன். தடுப்பூசிக்கு 18 முதல் 44 வயதுக்காரர்கள் முதலில் கோவின் தளத்தில் பதிந்துதான் ஆகவேண்டும் என்றார்கள். அந்தத் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஜூனில் மற்ற மொழிகள் வந்தபோதும் தமிழ் விடுபட்டு, சத்தம் போட்ட பிறகு சேர்ந்தது. இந்தக் கட்டாயப் பதிவைப் பற்றி உச்ச நீதிமன்றமே அரசைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவற்றைச் சொல்லி, “பாத்தீங்களா, எழுத்து தெரியலன்னா எவ்வளவு கஷ்டம்” என்று பேசுவது எளிது. நானும் பேசினேன். அப்போதுதான் கோலப் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“டீச்சரம்மா, எம்பேத்தி போன்ல மைக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. அத அமுக்கிப் பேசுனா திருப்பூர்ல இருக்க மவனுக்குப் போயிருது. அவன் பேசுறது எனக்கு வருது. ஆளு படத்தப் பாத்தே யாருன்னு தெரியுது. பேசுனாலே போகுதே, எதுக்கு எழுதணும்?”

என்னிடம் பதில் இல்லை. கடிதத்தை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் அவமானம், பஸ் பலகை படிக்கத் தெரியாமல் நிற்கும் தவிப்பு என்று 1991இல் வரிசையாகச் சொல்வோம். கடிதம் செத்துவிட்டது. பஸ்ஸைக் கேட்டு ஏறிவிடலாம். கைநாட்டை ஒழிப்போம் என்று ஊர் ஊராகக் கத்தினோம். பத்தொன்பது வருடம் கழித்து ஆதார் வந்து, படித்தவன் படிக்காதவன் எல்லோரையும் கைநாட்டு ஆக்கிவிட்டது. முந்திரி தின்ற விரல்களில் ரேகை இல்லாததால் எங்கள் பெண்கள் சிலருக்கு அதுவும் விழவில்லை. கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. கொரோனா வந்ததும் அந்த இயந்திரத்தையே தொடாதே என்றார்கள், அரசு அலுவலகங்களில் விரல்ரேகை வருகைப்பதிவையே நிறுத்திவைத்தார்கள். இப்படி எழுத்தின் அவசியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. எழுத்தே வேண்டாம் என்று சொல்லும் ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொண்டு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். “தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே பெரியம்மா” என்று மழுப்பினேன். “நல்லதுதான்” என்றார் அவரும், என் மனம் கோணக்கூடாதென்று.

மே கடைசியில் அவர் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல். 108 வண்டி வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. பெரியம்மாவுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை. கூட இருக்க யாரையும் விடவில்லை. சாப்பாட்டுப் பையை வாசலில் ஒரு மேசையில் வைக்கலாம், மேலே பெயரும் படுக்கை எண்ணும் எழுதியிருக்க வேண்டும். தம்பி மகன் தினமும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தான். மூன்றாம் நாள் இரவு பெரியம்மா கூப்பிட்டார்.

“அவுக பேர எழுதச் சொல்லிக்குடு டீச்சரம்மா.”

“தம்பி மகன் எழுதுறான்ல?”

“எழுதுறான். எழுதாட்டியும் சோறு போய்ச் சேந்துரும். நான் எழுதணும்.”

“சரி. பேரு என்ன?”

பதில் வரவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். இருக்கிறது.

“அத எப்படித்தா சொல்றது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுபது வயதுக்குள் ஒருமுறைகூட அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. பேத்தியின் போனில் மைக்கை அமுக்கி உலகத்தில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம், இதை அனுப்ப முடியாது. ரேஷன் கார்டில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பொடி எழுத்துக்கு அவர் கண் எட்டாது.

“கோடி காட்டுங்க, நான் சொல்றேன்.”

“மலை மேல நிக்கிறவரு. மொட்டையடிச்சு, கோவணத்தோட. கையில கம்பு.”

“பழனியா?”

“அது ஊருல்ல.”

“ஆண்டி?”

“அய்ய. கையில என்ன இருக்கு, அதச் சொல்லு.”

சொன்னேன்.

“அதேதான். ஆனா நடுவுல ஆயுதமும் இருக்கு.”

படிக்கிற உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். அவர் சொல்லாத பெயரை நானும் இங்கே எழுதவில்லை. ஏழு எழுத்து. அதில் மூன்று சுழி ‘ண’ இரண்டு இடத்தில் வருகிறது, காலும் இரண்டு. புள்ளி புள்ளியாகச் சொன்னேன். சிக்குக் கோலம் எங்கே, நேர்க்கோடு எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டார். ‘யு’வுக்கு மட்டும் இருபது நிமிடம். ஒவ்வொரு எழுத்தையும் நான் உச்சரிப்பேன், அவர் ‘ம்’ என்பார். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எழுத்து மனதில் நிற்கும் என்பது எங்கள் பாலபாடம். அன்று சொல்லச் சொல்லவில்லை. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லலாமே, அது பெயராகாதே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்கவில்லை. முடிக்கும்போது மணி பதினொன்று, என் போனில் மூன்று சதவீதம் சார்ஜ்.

என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. அவரிடம் பட்டன் போன், பேத்தியின் போன் அன்று வீட்டில் இல்லை. அழிந்ததா, தப்பா, சரியா, எதுவும் தெரியாது. கை பிடித்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் மாணவர் எழுதும் முதல் சொல்லை அவருக்கு முன்னால் நாம் பார்த்துவிடுவோம். பாதி நம் கைதானே எழுதும். இது முழுக்க அவருடையது. அன்று படுத்தபோது அந்தச் சொல்லை நான் பார்க்காதது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பெரியவர் பதினோரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். தொற்று குறைந்து, ஆகஸ்டில் கலையரங்கத்தில் தள்ளித்தள்ளி உட்கார்ந்து வகுப்பைத் திரும்பத் தொடங்கினோம். பெரியம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். துவைத்துத் துவைத்து மை மங்கியிருந்தது. முதல் ‘த’ கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிக் கிடந்தது, ‘யு’ என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று நடுவில் இருந்தது. மற்ற ஐந்தையும் யாரும் படித்துவிடலாம்.

“அவுக பாத்தாகளா?”

“பாத்து? அவுகளுக்குப் படிக்கத் தெரியாதுல்ல. நர்சம்மாதான் படிச்சுச் சொல்லி, ‘யாரு தாத்தா எழுதுனது, கோலம் மாதிரி இருக்கு’ன்னு கேட்டிருக்காக. இவுக ‘எவனோ பொடிப்பய’ன்னுட்டாகளாம். வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறாக.”

“நீங்க சொல்லலியா?”

“என்னத்துக்கு?” என்றார். பையை உதறி, பலகையை அதற்குள் போட்டு, எழுத்திருக்கும் பக்கத்தை உள்ளே மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.